மேற்கதை நிற்க வேண்டும்

உள்ளுறை உவமத்துக்குத் தொல்காப்பியர் வரம்பு கட்டியிருக்கிறார்: தெய்வம் நீங்கலான கருப்பொருள்களின் மேல்தான் அது அமைய வேண்டும். மரம், மீன், பறவை என்று கண்ணால் காண்பதே பிடிமானம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில், வயலோர மாமரத்திலிருந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்வுகிறது. பரத்தை பாடுபடாமலே தலைவன் அவளுக்குக் கிடைத்துவிட்டான் என்பது உள்ளே கிடக்கும் பேச்சு. அது பிடிபடாதவனுக்கும் மீனும் பழமும் ருசிக்கும். உருவகக் கலையை நிறுக்க இதைவிட நல்ல படிக்கல்லை நான் கண்டதில்லை.

வடமொழி நாடகம் வேறு வழி போனது. 11ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணமிச்ரர் எழுதிய பிரபோத சந்திரோதயத்தில் விவேகமும் மோகமுமே அரசர்கள். (மாதைத் திருவேங்கடநாதர் தமிழில் பாடியதும் இதைத்தான்.) விவேகன் பேசினால் கொட்டாவி வருகிறது. டம்பன் வந்ததும் களை கட்டுகிறது. வீடு தேடி வந்த விருந்தாளியிடம், உன் வியர்வை காற்றில் வந்து படும், தள்ளி நில் என்கிறான் டம்பனின் சீடன். தீக்குணங்களுக்கே நல்ல வேடம் வாய்ப்பது இந்த மரபின் தீராத நோய்.

ஜான் பன்யனின் மோட்சப் பயணம் 1678இல் வெளிவந்தது. அவநம்பிக்கைச் சேற்றில் பயணியும் துணைக்கு வந்தவனும் விழுகிறார்கள். கூட வந்தவன், தன் வீடு இருக்கும் பக்கமாகவே கரையேறி ஓடிவிடுகிறான். அந்தப் பக்கம் பார்த்து ஏறுவதிலேயே ஆளின் குணம் முழுதும் தெரிந்துவிடுகிறது. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இதைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் தந்தார். காவிய ஓசை கம்பீரமாக ஏறியது. சேற்றின் பிசுபிசுப்பு குறைந்தது என்பேன்.

அவனீந்திரநாத் தாகூர் வரைந்த பாரத மாதா (1905) நான்கு கைகளிலும் ஏடு, நெற்கதிர், துணி, மாலை ஏந்தி நம்மைக் கணக்குப் பார்க்க வைக்கிறாள். பாஞ்சாலியோ, 1912இல் பாரதி படைத்தவள், முதலில் அவமானப்பட்ட பெண். நாடு பிறகுதான் நினைவுக்கு வருகிறது.

புகைப்படத்துக்கு உருவகம் இன்னும் கடினம். கேமராவுக்கு அறம் தெரியாது, ஆள்தான் தெரியும். ஆஸ்கர் ரைலாண்டர் 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களை ஒட்டி, நல்வழியையும் தீவழியையும் ஒரே படமாக்கினார். எடின்பரோவில் தீவழிப் பாதியைத் திரை போட்டு மறைத்தார்கள். மிச்சப் பாதியை யார் நின்று பார்த்திருப்பார்கள்? ஜூலியா மார்கரெட் கேமரன் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மரிய மாதாவாக உட்கார வைத்தார். கூர்மை தளர்ந்த அந்தப் படங்களில் மாதாவுக்காகப் பணிப்பெண் ஒளிந்துகொள்வதில்லை. இலங்கையின் போகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்ட கேமரன் அம்மையார், தொல்காப்பியரைக் கேள்விப்படாமலே அவர் பக்கம் நின்றவர்.