அரிய கோள்நிலையும் காலக் கணிப்பும்: பரிபாடல் 11ஆம் பாடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பரிபாடலின் 11ஆம் பாடல் கூறும் கோள்நிலை மிக அரியது. ஆகவே அதனைக் கொண்டு பாடலின் காலத்தை நாள் அளவில் கணிக்கலாம் என்னும் கருத்து ஆய்வுலகில் இடம்பெற்றுள்ளது. பரிமேலழகர் உரைவழிப் பெறப்படும் கோள்நிலை முழுமையாக வானில் அமைய இயலாது என்பதையும், அதனால் எந்தக் கணிப்பும் ஒரு சான்றையேனும் கைவிட்டே அமைய வேண்டியுள்ளது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பரிபாடல், பரிமேலழகர், கோள்நிலை, ஆட்சி வீடு, காலக் கணிப்பு.

முன்னுரை

நல்லந்துவனார் பாடி, நாகனார் இசை வகுத்த வையைப் பாடல் இது. சையமலையில் மழை பொழிந்து வையையில் வெள்ளம் வருவதற்குரிய காலத்தை இப்பாடல் கோள்களின் இருப்பிடங்களால் சுட்டுகிறது. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை இக்குறிப்புகளை ஆராய்ந்து, அவை கி.பி. 634 ஜூன் 17ஆம் நாளைக் குறிப்பதாகக் கணித்தார். சங்க இலக்கியக் கால ஆராய்ச்சியில் இக்கணிப்பு ஏற்கவும் மறுக்கவும் பட்டுள்ளது. ஆயினும், நூலின் காலத்தை முன்னரே முடிவு செய்துகொண்டு கணிப்பை மதிப்பிடுவது முறையன்று. கணிப்புக்கு அடிப்படையான சான்றுகள் தம்முள் பொருந்துகின்றனவா என்பதே முதலில் கேட்க வேண்டிய வினா.

உரை காட்டும் கோள்நிலை

பரிமேலழகர் உரைப்படி வெள்ளி இடபத்திலும், செவ்வாய் மேடத்திலும், புதன் மிதுனத்திலும், வியாழன் மீனத்திலும், சனி மகரத்திலும் நிற்கின்றன. திங்களைப் பாம்பு மறைக்கிறது. விடியலில் கார்த்திகை உயர்ந்து நிற்பதனால் ஞாயிறு சிங்கத்தில் உள்ளது என உரை உய்த்துணர்கிறது. மாதம் ஆவணி, நாள் அவிட்டம் என்றும் கொள்கிறது.

இந்த உய்த்துணர்வு தன்னளவில் பிழையற்றது. கார்த்திகை உச்சியில் நிற்கும்போது ஞாயிறு உதிக்க வேண்டுமெனில், அது கார்த்திகைக்கு ஏறத்தாழ 90 பாகை கிழக்கே, அதாவது சிங்கத்தின் தொடக்கத்தில் இருத்தல் வேண்டும். ஞாயிறு அங்கு நின்றால் அதற்கு நேரெதிரே மறைப்புறும் திங்கள் அவிட்டத்தை ஒட்டி நிற்பதும் பொருந்தும்.

முரண்

சிக்கல் வெள்ளியிடமும் புதனிடமும் எழுகிறது. வெள்ளி ஞாயிற்றிலிருந்து ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. புதன் ஏறத்தாழ 28 பாகைக்கு மேல் விலகுவதில்லை. இடபத்தின் முடிவுக்கும் சிங்கத்தின் தொடக்கத்துக்கும் இடைவெளி 60 பாகை. மிதுனத்தின் முடிவுக்கும் சிங்கத்தின் தொடக்கத்துக்கும் 30 பாகை. எனவே ஞாயிறு சிங்கத்தில் நிற்கையில் வெள்ளி இடபத்திலும் புதன் மிதுனத்திலும் இருத்தல் இயலாது. இம்முடிவு இராசிகளுக்கு இடையிலான தொலைவை மட்டும் சார்ந்தது. அயனாம்சத்தை எவ்வாறு கொண்டாலும் இது மாறுவதில்லை.

சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் நாளை ஏற்றால் இம்முரண் நீங்கும். அப்போது ஞாயிறு மிதுனத்தில் இருக்கும். ஆனால் அந்நாளில் ஞாயிறு எழும்போது கார்த்திகை அடிவானுக்கும் உச்சிக்கும் ஏறக்குறைய நடுவிலேயே நிற்கும். உரையின் ஆவணியும் அவிட்டமும் விடுபடும். ஞாயிறு கடகத்தின் முற்பாதியில் நின்றது எனக் கொள்வது மற்றொரு வழி. அவ்வாறாயின் வெள்ளி, புதன் ஆகியவற்றின் எல்லை காக்கப்படும், கார்த்திகையும் வானில் நன்கு உயர்ந்திருக்கும், மாதம் ஆடியாகும். இங்கும் அவிட்டத்தைக் கைவிட வேண்டும். எனினும் அவிட்டம் உரையின் கூற்றேயன்றிப் பாடலின் கூற்றன்று. ஆனி, ஆடி, ஆவணி மூன்றும் தென்மேற்குப் பருவமழைக்கு உரியவை ஆதலின், மழைக் குறிப்பைக் கொண்டு இவற்றுள் ஒன்றைத் தேர முடியாது.

அருமை என்பதன் அளவு

ஐந்து கோள்களுக்கும் பன்னிரண்டு இராசிகள் என்று கொண்டு, இந்நிலை 2,48,832இல் ஒன்று எனக் கணக்கிடுவது தவறு. புதனும் வெள்ளியும் ஞாயிற்றைச் சார்ந்தே இயங்குவதால் அவை தனிச் சான்றுகள் ஆகா. காலத்தைக் குறுக்குவதில் வியாழனும் சனியுமே முதன்மை பெறுகின்றன. வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் ஏறத்தாழ 59 ஆண்டுகள் ஆதலின், மீனத்தில் வியாழனும் மகரத்தில் சனியும் நிற்கும் நிலை சில சுழற்சிகள் வரை அவ்விடைவெளியில் மீள நிகழும். ஆகவே பல நூற்றாண்டுகளுள் தேடும் ஆய்வாளர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றைத் தேர்வது, பிற குறிப்புகளுள் எதனைத் தளர்த்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

மேலும் ஒன்று கருதத்தக்கது. பாடல் கூறும் ஐந்து கோள்களும் தத்தம் ஆட்சி வீட்டில் நிற்கின்றன. உரை ஞாயிற்றைச் சிங்கத்தில் நிறுத்தும்போது ஆறாவதும் தன் வீட்டை அடைகிறது. இத்தகைய நிறைவு, கண்டு எழுதியதைவிடச் சோதிட மரபின்படி அமைத்து எழுதியதாக இருத்தற்கே இடம் மிகுதி. பருவம் தவறாது மழை பொழியும் நற்காலத்தைக் கோள்களின் ஆட்சியால் உணர்த்துவது புலவரின் நோக்கமாயின், குறிப்பிட்ட ஒரு நாளைத் தேடுவது பாடல் கூறாததைத் தேடுவதாகும். திங்கள் மறைப்பு ஒன்றே இவ்வொழுங்குக்குள் அடங்காதது. நேரில் கண்ட செய்தி பாடலில் உண்டெனில், அது இதுவாக இருக்கலாம்.

முடிவுரை

கோள்நிலை அரியது என்பதனால் மட்டும் அது காலச் சான்று ஆகிவிடாது. கணிப்பை முன்வைப்போர் ஒவ்வொரு கோளுக்கும் தாம் கொண்ட பாடப்பொருளையும், பாடலின் கூற்று எது, உரையின் கூற்று எது என்பதையும், தாம் கைவிட்ட குறிப்பையும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். எதனைக் கைவிடுவது என்பதைக் கணிதம் முடிவு செய்யாது. அது மூலபாட ஆய்வின் பொறுப்பு. அப்பணி நிறைவுறும் வரை, 634 என்னும் ஆண்டைப் பரிபாடலின் காலமாக மேற்கோள் காட்டுவதும், கணிப்பு முழுவதையும் பயனற்றதென ஒதுக்குவதும் ஒருங்கே தவிர்க்கத்தக்கன.