சுவரொட்டியில் ஒரு தொப்பை

முதலாளியை வரையச் சொன்னால் நம் தோழர்கள் முதலில் போடுவது ஒரு பெரிய வட்டம். அது தொப்பை. அப்புறம்தான் சுருட்டு, மோதிரம், பண மூட்டை எல்லாம். சோவியத் ஓவியர் விக்தர் தேனியின் 'மூலதனம்' சுவரொட்டியிலும் இதே படிமம்தான், நம்மூர்த் தட்டிகளிலும் இதேதான். பட்டினிக்கு எலும்பு, சுரண்டலுக்குச் சதை. தொண்ணூறு கிலோ உடம்போடு அந்தச் சுவரொட்டிகளுக்குப் பசை தடவியவர்களில் நானும் ஒருத்தி.

சென்ற ஆண்டு மூட்டுவலி என்று ஒரு மருத்துவரிடம் போனேன். முழங்காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. 'வாயைக் கட்டுங்கம்மா, எல்லாம் சரியாயிடும்' என்றார். இது எனக்குப் புதிதல்ல. கூட வந்த தோழர் வெளியே வந்ததும், 'டாக்டர் சொல்றது நியாயம்தானே, கன்ட்ரோல் நம்ம கையிலதான இருக்கு' என்றதுதான் தைத்தது. விவசாயி கடன்பட்டதற்கு அவனுடைய ஊதாரித்தனமே காரணம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகிறவர் அவர். கடனுக்குச் சந்தையைக் காரணம் காட்டும் பகுப்பாய்வு, உடம்பு என்று வந்ததும் ஏன் 'ஒழுக்கம்' பேசத் தொடங்குகிறது?

தேசியக் குடும்பநல ஆய்வை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4 சதவீதம். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு ஒன்பது பெண்களுக்கு மனவுறுதி கழன்று விழுந்துவிட்டதா? வேலையில், வேலை நேரத்தில், கடையில் மலிவாகக் கிடைக்கும் பண்டத்தில், நடக்க இடமில்லாத தெருவில் அல்லவா காரணத்தைத் தேட வேண்டும்?

மனவுறுதியைக் காட்சிப்பொருளாகவே ஆக்கியது அமெரிக்காவின் 'தி பிக்கெஸ்ட் லூசர்' தொலைக்காட்சிப் போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பரிசோதித்த ஆய்வு 2016இல் வெளியானது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அந்த அளவு உடம்புக்கு எதிர்பார்க்கப்படுவதைவிட, ஓய்வுநிலையில் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே அவர்கள் உடல் செலவிட்டது. பட்ட பட்டினியை உடம்பு மறக்கவில்லை. இதை எந்த 'கன்ட்ரோல்' கணக்கில் சேர்ப்பது?

பருமனால் நோய் வராது என்று நான் வாதிடவில்லை. எனக்கே சுகர் இருக்கிறது. நான் கேட்பது சிகிச்சை, கிடைப்பது தீர்ப்பு. தீர்ப்புக்குப் பயந்து அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருந்துவிடுகிறேன். கண்காணிப்பு நமக்குள்ளேயே குடியேறிவிடுவது பற்றி ஃபூக்கோவை வைத்து எத்தனையோ கூட்டம் போட்டிருக்கிறோம். பந்தியில் இன்னொரு இட்லிக்குக் கை நீளும்போது யார் பார்க்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கிறேனே, அது வேறென்ன?

பத்திரிகை அட்டையில் வருகிற இன்றைய முதலாளி ஒல்லியானவன். விடியலில் ஓடுகிறான். தட்டை வயிற்றைத் தன் தகுதிக்குச் சான்றிதழாகக் காட்டுகிறான். உழைக்கிறவளின் வயிறோ அவளுடைய சோம்பலுக்குச் சாட்சியாகிவிடுகிறது. நம் பழைய சுவரொட்டி இப்போது யாரைக் குத்துகிறது என்று யோசியுங்கள். அடுத்த தட்டிக்கு அந்த வட்டத்தைப் போடுமுன் தோழர்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். பசை தடவ நான் வருவேன், அந்த வட்டத்துக்கு மட்டும் மாட்டேன்.