பன்னிரண்டு சென்ட்டும் ஒரு விதித்தொகுப்பும்

சித்திரை மாதத்தில் இரவு எட்டு மணிக்கு மாடி அறையின் கூரையை உட்புறமாகத் தொட்டுப் பாருங்கள். பொழுது சாய்ந்து வெகு நேரமாகியும் கான்கிரீட் சுடும். பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தைத் தளம் மெல்ல மெல்ல உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறது. மின்விசிறி சுழற்றுவது அந்தச் சூட்டைத்தான்.

இந்தக் கூரைக்கென்று நம் நாட்டில் ஒரு விதித்தொகுப்பு உண்டு. மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா'வின் முதற்பகுதி அது. கூரையின் வெப்பக் கடத்தல் எண் 1.2-க்கு மேற்படலாகாது என்கிறது. அதாவது, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் புகக்கூடாது.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 15 செ.மீ. கனமுள்ள வெறும் கான்கிரீட் தளத்துக்கு இந்த எண் ஏறத்தாழ 3.3. மேலே தட்டோடு பதித்திருந்தால் சற்றுக் குறையும். 1000 சதுர அடித் தளம் என்பது 93 சதுர மீட்டர். வெயிலின் விளைவையும் சேர்த்து, வெளி வெப்பநிலை அறையைவிட 20 பாகை மிகுதி என்று கொண்டால், உள்ளே புகுவது சுமார் 6 கிலோவாட். 2 கிலோவாட் கீசர்கள் மூன்றை ஒருசேரப் போட்டு வைத்ததற்குச் சமம்! விதிப்படி கட்டிய கூரையானால் ஏறத்தாழ ஒரு கீசரோடு நின்றுவிடும்.

ஆகவே விதி நல்ல விதிதான். யாருக்கு என்பதுதான் கேள்வி. 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைகளில் கட்டப்படும் வீடுகளுக்கு என்று அத்தொகுப்பு சொல்லியது. 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டுக்கும் சற்று அதிகம். சரவணம்பட்டியிலும் துடியலூரிலும் மூன்று சென்ட், ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு இது பொருந்தாது. மனை அளவை மாநிலங்கள் குறைத்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருப்பது உண்மையே. ஆனாலும் முதலில் எழுதிய எண்ணிலேயே பெரும்பான்மை வீடுகள் வெளியே நின்றுவிட்டன.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இது புதிதாகக் கட்டும் வீடுகளைப் பற்றியே பேசுகிறது. ஏற்கெனவே கட்டிய தளங்கள் இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் நிற்கும். அவற்றை என்ன செய்வது?

செய்ய முடியாத காரியமன்று. 2015-இல் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தில் எல்.இ.டி. பல்புகளை மொத்தமாக ஒப்பந்தம் கோரி வாங்கினார்கள். 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. பல இடங்களில் மின்கட்டணத்தோடு தவணையாகவும் வசூலித்தார்கள்.

பல்பை முக்காலியில் ஏறி மாற்றிவிடலாம், கூரைக்குக் கொத்தனார் வேண்டுமே என்பீர்கள். நியாயம்தான். எனினும் நம் ஊர்த் தளங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒரு வீதியில் நாற்பது தளங்களை ஒரே ஒப்பந்தத்தில் எடுத்தால், கொத்தனாரும் பொருளும் நாற்பது தடவை வந்துபோக வேண்டியதில்லை. நெதர்லாந்தில் 'எனர்ஜிஸ்ப்ராங்' முறையில், ஆலையில் அளவெடுத்துச் செய்த பலகைகளைப் பழைய வீடுகளுக்குப் போர்த்திச் சில நாட்களில் வேலையை முடிக்கிறார்கள். வார்ப்படமும் பம்பும் செய்யும் கோவைக்கு அளவெடுத்துப் பொருள் செய்வது புதிதா?

எளிய வழி வெள்ளையடிப்பது. இரண்டு தகர மூடிகளில் ஒன்றுக்குக் கறுப்பும் மற்றதற்குச் சுண்ணாம்பும் பூசி நண்பகலில் வெயிலில் வையுங்கள், விரலே வெப்பமானி. ஆனால் சுண்ணாம்பு ஐப்பசி மழையில் கரையும், தூசியில் மங்கும். ஆண்டுதோறும் பூச வேண்டும்.

2024-இல் வந்த சூரிய வீடு மின்திட்டம் 3 கிலோவாட் மின்பலகைகளுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. கூரையின் மேல் வைப்பதற்குப் பணம் உண்டு, கூரைக்கு இல்லை. பலகையின் நிழல் தளத்தைக் குளிர்விக்கும் என்பது சரியே. ஆனால் அது மறைப்பது 200 சதுர அடிக்கும் குறைவு.

திருப்பூரின் லைன் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒற்றை ஷீட் கூரை. சூட்டைத் தேக்கி வைக்கும் கனம்கூட இல்லை, நண்பகலில் நேரே தலையில் இறங்கும். கூரை வீட்டுக்காரருடையது, வியர்வை குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் செலவு செய்யமாட்டார். பனியன் கம்பெனித் தொழிலாளி அடுத்தவர் கூரைக்குச் செலவு செய்ய முடியாது. நாளையே மாநில அரசு பன்னிரண்டு சென்ட்டை மூன்று சென்ட்டாகக் குறைத்தாலும், அந்த லைன் வீடு பழையது என்பதால் இந்த விதித்தொகுப்பு அதன் வாசலுக்கு வராது.