பாயாசியின் தராசு

"ஆன்மாவின் எடை 21 கிராம்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல், சாகக் கிடந்த ஆறு நோயாளிகளைக் கட்டிலோடு தராசில் ஏற்றிப் பார்த்து 1907இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண் அது. அதுவும் ஒரே ஒரு நோயாளியிடம் கிடைத்தது. மற்றவர்களின் கணக்கு ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

அவருக்கு ரொம்ப முன்னாடியே இதே சோதனையைச் செய்தவர் ஒருவர் பாலி நூலில் இருக்கிறார். தீக நிகாயத்தின் 23ஆவது சுத்தத்தில் வரும் பாயாசி, கோசல நாட்டின் சேதவ்யாவை ஆண்ட சிற்றரசர். மறுஉலகம் இல்லை, மறுபிறப்பு இல்லை என்பது அவர் கட்சி. ஒரு திருடனை உயிரோடு எடைபோட்டு, தோல் கிழியாமல் கழுத்தை நெரித்துக் கொன்று, திரும்ப எடைபோட்டாராம். பிணம்தான் கனமாக இருந்தது. இன்னொருவனைத் தாழியில் அடைத்து, வாயை மூடி, அடுப்பில் ஏற்றினார். திறந்தபோது எந்த ஜீவனும் வெளியே போகவில்லை. மற்றொருவனைத் தோல், சதை, எலும்பு என்று அறுத்துத் தேடினார். அங்கேயும் இல்லை.

குமார காசியபர் ஒவ்வொன்றுக்கும் உவமையால் பதில் சொல்கிறார். காய்ச்சிய இரும்புக் குண்டு ஆறியதைவிட லேசானது, உயிருள்ள உடம்பும் அப்படித்தான் என்கிறார். இது சுத்தமாக எடுபடாது. காய்ந்த இரும்பு இளகும். எடையெல்லாம் அப்படிக் குறையாது.

அரணிக் கட்டை உவமைதான் விஷயமுள்ளது. ஒரு சிறுவன் நெருப்பைத் தேடிக் கட்டையைச் சீவிச் சீவிப் பார்க்கிறான். கடைந்தால் அல்லவா வரும்? பாயாசியின் முறையே தப்பு என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனா கொஞ்சம் நின்று யோசித்தால் இது காசியபர் காலையே வாரிவிடுகிறது. நெருப்பு கட்டைக்குள் முன்பே ஒளிந்திருந்து வெளியே வரவில்லை. இரண்டு கட்டையும் உழைப்பும் கூடும்போது பிறக்கிறது. மணிமேகலையில் பூதவாதி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே? ஆத்திப்பூவும் கருப்பட்டியும் சேர்ந்தால் கள்ளின் வெறி பிறப்பது மாதிரி, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான். அங்கே அவன் தோற்கிறான். இங்கே அவன் வாதமே ஜெயித்தவர் வாயிலிருந்து வருகிறது! உலகாயதர் தரப்பை நாம் பெரும்பாலும் எதிராளிகள் எழுதிவைத்ததிலிருந்துதான் படிக்கிறோம் என்பதால், இப்படிக் கசியும் இடங்களை விட்டுவிடக் கூடாது.

பாயாசியும் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. பசேனதி முதலான அரசர்களுக்கெல்லாம் என் கொள்கை தெரியும், இப்போது மாற்றிக்கொண்டால் மானம் போய்விடும் என்கிறார். இந்த விவாதத்திலேயே எனக்கு முழுசாக நம்பத் தோன்றிய வரி அதுதான்.

கடைசியில் அவர் மனம் மாறி, யாகம் செய்வது எப்படி என்று கேட்கிறார். மாடு, ஆடு, கோழி, பன்றியைக் கொன்று செய்யும் யாகத்தால் பெரும் பலன் இல்லை என்று காசியபர் தெளிவாகச் சொல்கிறார். தாழியில் வெந்தவனையும் தராசில் கிடந்தவனையும் பற்றி அரசர் விவரித்த நேரத்தில் அவர் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. உவமைதான் சொன்னார்.