கோலாப்பூர் நாடகக் கொட்டகையும் நீலாஞ்சனையின் நடனமும்

2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் தேதி இரவு, கோலாப்பூரில் உள்ள கேசவராவ் போசலே நாடக அரங்கம் தீப்பற்றி எரிந்தது. விடிந்தால் 9-ஆம் தேதி, அந்தக் கேசவராவின் பிறந்தநாள். 1915-இல் திறந்த அரங்கம். நூறு வருஷத்துக்கு மேல் நின்றது, ஒரே ராத்திரியில் கருகிப் போயிற்று. நாடகக்காரர்கள் அதன் முன்னால் நின்று கண்ணீர் விட்டார்கள். இருந்தது இருந்தபடியே திரும்பக் கட்டித் தருவோம் என்று அரசும் சொன்னது.

நல்ல வார்த்தைதான். ஆனால் "இருந்தது இருந்தபடியே" என்பதில் எது இருந்தது? சுவரா, மேடையா, அல்லது வேறு ஏதாவதா? இந்தக் கேள்வியைத்தான் மலர் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எனக்குக் கோலாப்பூர் பழக்கமான ஊர். வெல்லக் கொள்முதலுக்குப் போவேன். போனால் லட்சுமிசேன பட்டாரகர் மடத்துக்கும் போவேன். எங்கள் தமிழ்ச் சமணருக்கு உரிய மேல்சித்தாமூர் மடத்தின் தலைவருக்கும் அதே லட்சுமிசேனர் என்ற பட்டம்தான். அந்தப் பந்தத்தில் ஊர் மேல் ஒரு ஒட்டுதல். இன்று அது பெரிய நகரம். அரங்கம் கட்டின காலத்தில் ஒரு சமஸ்தானத்தின் தலைநகர், அவ்வளவே. பம்பாய், புனே கணக்குக்குச் சின்ன ஊர்.

கட்டினவர் சாகு மகராஜ். 1902-இல் பிற்பட்ட வகுப்பாருக்குத் தம் சமஸ்தான வேலைகளில் பாதி இடம் ஒதுக்கினாரே, அவரேதான். அதே வருஷம் இங்கிலாந்து மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக ஐரோப்பா போனவர், ரோமாபுரியின் பழைய அரங்கத்தையும் பார்த்து வந்தார். ஊர் திரும்பியதும் குஸ்திக்குக் காஸ்பாக் மைதானத்தை அமைத்தார். அதன் பக்கத்திலேயே நாடகத்துக்கு 'பேலஸ் தியேட்டர்' என்று இந்த அரங்கத்தை எழுப்பினார். பிற்பாடுதான் கேசவராவ் பெயர் வைத்தார்கள். குஸ்தியும் சங்கீதமும் அண்டை வீடுகளாக இருப்பதை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்? வெல்லம் விற்க வந்த குடியானவனும் பாட்டுக் கேட்க வந்த பண்டிதனும் ஒரே தெருவில் இறங்கி நடந்திருப்பார்கள். அந்த அண்டைதான் அரங்கத்தின் முதல் சிறப்பு என்பது என் மதிப்பீடு.

அரங்கம் கட்டுவது பற்றி நமக்கும் சொல்ல இருக்கிறது. சமணத் துறவி என்று மரபு சொல்லும் இளங்கோவடிகள், அரங்கேற்று காதையில் மேடைக்குக் கணக்கே கொடுத்து விடுகிறார். கணுவுக்குக் கணு ஒரு சாண் இருக்கும் மூங்கில். அதில் இருபத்துநாலு விரல் அளவுக்கு ஒரு கோல். அந்தக் கோலால் மேடை அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. மேடைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் இடைவெளி நாலு கோல். உள்ளே வர ஒரு வாயில், வெளியே போக ஒரு வாயில். மூன்று வகைத் திரை. கடைசியில் ஒரு நுணுக்கம்: தூணின் நிழல் ஆடுகிறவள் மேல் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும்.

துறவிக்கு இத்தனை கணக்கு எதற்கு? தராசு பிடிக்கிற எனக்கு இது புரிகிறது. அளவு சரக்குக்காக இல்லை, வாங்க வந்தவனுக்காக. நிழல் விழக்கூடாது என்பதும் பார்க்கிறவன் கண்ணுக்காக. கோலாப்பூர் அரங்கிலும் நடுவே தூண் நின்று மறைக்காதபடிதான் கட்டினார்கள். நாடக அரங்கின் இலக்கணம் பார்வையாளனிடம் தொடங்குகிறது என்பதில் புகாரும் கோலாப்பூரும் ஒரே கட்சி.

இனி கேசவராவுக்கு வருவோம். 1890-இல் அந்த ஊரிலேயே பிறந்தவர். சிறு பையனாக இருக்கும்போதே பெண் வேஷம் கட்டிப் பாடினார். தேவல் எழுதிய 'சாரதா' நாடகத்தில் சாரதா வேஷம் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பணத்துக்காகச் சின்னப் பெண்ணைக் கிழவனுக்குக் கட்டி வைக்கும் கொடுமையைச் சாடும் நாடகம் அது. கேளிக்கை என்று ஒதுக்க முடியாது. 1908-இல் 'லலிதகலாதர்ஷ்' என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1921 ஜூலை 8-ஆம் தேதி பம்பாயில், தொழிலில் தமக்குப் போட்டியாக இருந்த பால கந்தர்வரோடு சேர்ந்து, காடில்கரின் 'மானாபமான்' நாடகத்தைத் திலகர் சுயராஜ்ய நிதிக்காக நடித்தார். அக்டோபர் 4-ஆம் தேதி காலமானார். வயது முப்பத்தொன்று. ஒரு முழு ராத்திரி நாடகத்தைப் பதிவு செய்து வைக்கும் வசதி அன்றைக்குக் கிடையாது. பார்த்தவர்களோடு அது முடிந்தது.

மராட்டிய சங்கீத நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிடித்துப் போனால் சபை 'வன்ஸ் மோர்' என்று கூவும். நடிகர் கதையை நிறுத்திவிட்டுத் திரும்பப் பாடுவார். இதனால் நாடகம் விடியற்காலை வரை இழுக்கும். கதை கெடுகிறது என்று விமரிசகர்கள் குறை சொல்வது நியாயமே. ஆனால் உற்றுக் கேட்டவனுக்குத் தெரியும், இரண்டாம் தடவை பாடியது முதல் பாட்டு இல்லை. 'இன்னொரு தடவை' என்று கேட்டோம், கிடைத்தது இன்னொன்று.

இங்கேதான் எனக்கு ஆதிபகவன் கதை ஞாபகம் வரும். ஜினசேனரின் ஆதிபுராணத்திலும் நம்முடைய ஸ்ரீபுராணத்திலும் வருவது. ரிஷபதேவர் சபையில் ஆட நீலாஞ்சனை என்ற தேவமங்கையை இந்திரன் அனுப்புகிறான். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் முடிந்து மறைந்து விடுகிறாள். ரசம் கெடாதிருக்க, இந்திரன் கண் இமைப்பதற்குள் அவளைப் போலவே இன்னொருத்தியை நிறுத்துகிறான். தாளம் தப்பவில்லை. சபை கவனிக்கவில்லை. ரிஷபர் ஒருவர் கண்டுகொண்டார். நிலையாமை விளங்கித் துறவு பூண்டார். மதுராவில் கங்காளி திலா மேட்டில் கிடைத்த பழைய புடைப்புச் சிற்பத்தில் இந்தக் காட்சி இருப்பதாக அறிஞர்கள் சொல்வார்கள்.

இந்தக் கதையைக் காட்டி, "பாருங்கள், ஆட்டமெல்லாம் மாயை, நமக்கு வேண்டாம்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. ஆட்டம் இல்லாவிட்டால் அந்தத் தெளிவு வந்திருக்குமா? கதையில் பழி நீலாஞ்சனை மேல் இல்லை, மாற்றாளை நிறுத்தினதைக் கூடத் தெரிந்துகொள்ளாமல் உட்கார்ந்திருந்த சபை மேல்தான்.

ஆகவே, கருகின அரங்கத்தை அச்சாகத் திரும்பக் கட்டினால் அது இந்திரன் நிறுத்தின இரண்டாவது நடனக்காரி மாதிரி. வேண்டாம் என்று சொல்லவில்லை. தாளம் நிற்கக்கூடாது, கட்டத்தான் வேண்டும். ஆனால் "ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் பழையபடி" என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. போனது போனதுதான். அரங்கத்தை நிஜமாக மீட்பது நாற்காலியில் வந்து உட்காருகிற ஆள். ஒரு ஸ்வரம் இறங்கினால் நிமிர்ந்து பார்க்கிற காது. கொத்தனாரால் அதைக் கட்ட முடியாது.

நம் கதைக்கு வருகிறேன். வெளிமாநிலத்தில் நாம் சங்கம் வைத்து, வசூல் செய்து மண்டபமும் கட்டுகிறோம். பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகள் ஒரு சின்ன நாடகம் போட்டால், பாதிப் பேர் போனில் படம் பிடிக்கிறோம், மீதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்கு நகர்கிறோம். அப்புறமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த படத்தை எத்தனை பேர் போட்டுப் பார்த்தோம்? அந்தப் பிள்ளை வசனத்தை மறந்து, திகைத்து, தானாகவே ஒரு வார்த்தை சேர்த்துத் தமிழில் சமாளித்த அந்தக் கணம் மேடையில் ஒரே தடவைதான் நடந்தது.

அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த விழாவில் நாடகம் முடிகிற வரைக்கும் பந்திக்கு மணி அடிக்க வேண்டாம். சோறு ஆறினால் சுட வைத்துக்கொள்ளலாம்.