நெருக்கமும் கூட்டும்

கலத்தினுள்ளே புரதங்கள் தனித்துத் தொழிற்படுதல் அரிது. குருதியிலுள்ள ஈமோகுளோபின் நான்கு சங்கிலிகள் கூடிய கூட்டு. இத்தகைய கூட்டுக்களைக் கணிப்பொறியாற் கண்டறியும் முறைகள் பலவற்றின் அடிப்படை ஒன்றே. புரதம் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் கொள்வர். ஒன்றையொன்று தொடுவதாகச் சோதனை காட்டிய இரண்டினிடையே கோடிடுவர். கோடுகள் நெருங்கிய இடத்தைக் கூட்டென்பர். பேடர், ஹோக் என்போர் 2003 இல் வெளியிட்ட 'எம்கோட்' இவ்வகையது.

ஆயின் நெருக்கம் வேறு, கூட்டு வேறு. மருதடிப் பிள்ளையார் தேரன்று ஒருவன் காலையிற் கண்டவரும் மாலையிற் கண்டவரும் ஒரு குடும்பத்தவர் ஆகார். கோடுகளோ காலத்தையும் இடத்தையும் அறியா. சிறு கூட்டுக்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மதுவத்தின் நிறுவப்பட்ட கூட்டுக்களென 2009 இற் தொகுக்கப்பட்ட 408 இற் பாதிக்கு மேற்பட்டவை இரண்டு அல்லது மூன்று புரதங்களே உடையன. இரு புள்ளிக்கு ஒரு கோடே உள்ளவிடத்து நெருக்கத்தை அளப்பது எங்ஙனம்? 2006 இல் இரு குழுவினர் இதே மதுவத்தை ஒரே வகைச் சோதனையால் ஆராய்ந்தனர். ஒரு சாரார் 491 கூட்டென்றனர். மறுசாரார் 547 என்றனர். தொகைகள் அணுகி நின்றனவேனும் உறுப்புக்கள் பலவிடத்து ஒத்துவரவில்லை.

கோடுகளை எண்ணுவதினும் அணுக்கள் பொருந்துமோவென வினவுதல் தக்கது. அவ்வினாவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வரலாறு உண்டு. 1954 இல் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாசன் மூன்று சங்கிலிகள் முறுகிய கூட்டு எனக் காட்டினர். அச்சங்கிலிகள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்று 1955 இல் இறிச்சும் கிறிக்கும் மறுத்தனர். இராமச்சந்திரன் வாதிட்டுக் காலங்கழித்தாரல்லர். அறியப்பட்ட பளிங்குகளில் அணுக்கள் எத்துணை நெருங்கக்கூடும் என்பதை அவர் குழுவினர் தொகுத்தாராய்ந்தனர். அதன் பயனே 1963 இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட படம். அணுக்கள் மோதாது சங்கிலி திரும்பத்தகும் கோணங்களை அது வரையறுத்தது. புரத அமைப்புக்கள் இன்றும் அப்படத்தாற் சோதிக்கப்படுகின்றன. மறுப்பு இத்துணைப் பயன் தந்தது அரிது.

ஆல்பாஃபோல்ட் முதலிய புதுமுறைகள் வடிவத்தையே கணிக்கின்றன. ஒரு கலத்தில் என்றும் சந்தியாத இரண்டினையும் அவை பொருத்திக் காட்டக்கூடும் என்பது குறையே. எனினும் 2021 இல் மதுவத்தின் 83 இலட்சம் சோடிகளைச் சலித்த ஆய்வாளர் கூடத்தக்கனவெனக் கொண்டவை 1505 மட்டுமே. அவற்றுட் பலவற்றுக்கு அணுவணுவாக வடிவமுங் காட்டினர். எவரும் அதனை எடுத்துச் சோதிக்கலாம்.