கூதிர்ப் பறவைகள்

பறவை என்ற சொல்லை நம் புதுக்கவிதையிலிருந்து சில காலம் விலக்கி வைக்கலாம் என்று படுகிறது. யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. குற்றவாளிகளில் நானும் ஒருவன். வானம், சிறகு, கூடு என்று நானும் எழுதி அச்சில் பார்த்திருக்கிறேன். அவற்றில் பறப்பது எந்தப் பறவை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

கேட்டவர் ஒரு படகோட்டி. சென்ற ஐப்பசியில், பறவை பார்க்கும் பழக்கமுள்ள நண்பர் ஒருவருடன் மதுரையிலிருந்து பாம்பனுக்குப் போனேன். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடந்த 21 தீவுகள் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போனோம். நீர் வடிந்த மணலில் சாம்பல் நிறமாக ஒரு கூட்டம் தெரிந்தது. 'அது என்ன பறவை?' என்றேன். 'எதைக் கேக்குறீங்க சார்? அஞ்சாறு சாதி நிக்குதுல்ல' என்றார் அவர்.

என் கண்ணுக்கு ஒரே கூட்டம்தான். நண்பரின் பைனாகுலரை வாங்கிப் பார்க்கப் பார்க்கத்தான் அது பிரிந்தது. கல்லையும் சிப்பியையும் அலகால் புரட்டி அடியில் தேடுவது ஒன்று. நாலடி ஓடி, நின்று, கொத்தி, மறுபடி ஓடுவது ஒன்று. வளைந்த நீண்ட அலகை மணலுக்குள் ஆழச் செருகுவது குதிரைமலைக் கோட்டான். தையல் மெஷின் ஊசிபோல ஓயாமல் கொத்திக்கொண்டிருந்தது கொசு உள்ளான். கைக்குள் அடங்கும் உடம்பு, சில பத்து கிராம் எடை. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே பனி மூடி இரை அற்றுப்போகுமுன் கிளம்பி வருகிறது. இதைத்தான் நாம் சுதந்திரத்தின் குறியீடு என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்த மணலில் நான் கண்டது பசி, வேலை, அட்டவணை.

நம் பழைய கவிஞனுக்கு இந்தக் குழப்பம் இல்லை. மதுரையில் குளிரில் ஒடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர் நாரையிடம் ஊருக்குச் சேதி சொல்லி அனுப்பிய தனிப்பாடலைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம், படித்ததோடு விட்டுவிட்டோம். காலின் நிறத்தைச் சொல்கிறார். அலகுக்குப் பனங்கிழங்கை உவமையாக்குகிறார். வலசை வருகிற செங்கால் நாரையைத் தவிர வேறொன்றாக அது இருக்க முடியாது. பனங்கிழங்கு தை மாதத்துப் பண்டம். அவர் உடம்பை நடுக்கும் குளிரும் அந்த மாதங்களுக்குரியது. நாரை இங்கே தங்கியிருப்பதும் அப்போதுதான். தெற்கே குமரிவரை போன பறவை வடக்கே திரும்பும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சேதி சொல்கிறார். அவருடைய வறுமை நம்மைத் தொடுவதற்கு இந்தத் துல்லியம் ஒரு காரணம். நாரையை இவ்வளவு சரியாகப் பார்த்தவன் தன் நிலைமையைப் பற்றியும் பொய் சொல்லமாட்டான் என்று மனம் நம்பிவிடுகிறது.

இதற்கு மறுப்பு உண்டு. பிரமிளின் 'காவியம்' என்ற சிறு கவிதையில் பறவைக்கு இனப்பெயர் கிடையாது. ஆனாலும் அது நிற்கிறது. உண்மை. ஆனால் அங்கே பிரிந்துபோன இறகுதான் பொருள். பறவை இல்லாமற்போவதே கவிதையின் அனுபவம். பெயர் சொன்னால் கெட்டுவிடும். பெயரை விடுவது வேறு, பெயரே இல்லாதிருப்பது வேறு. நம்மில் பலருடைய நிலைமை இரண்டாவது.

பெயர்ப் பட்டியலும் மீட்சி தராது. என் நண்பர் அன்று பதினான்கு இனங்களைக் குறித்துக்கொண்டார். நோட்டில் ஏறிய பறவையை அவர் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை என்பதையும் நான் கவனித்தேன். பெயர் ஒரு கதவு. அவர் வாசலோடு திரும்பிவிட்டார். எனக்குக் கதவு இருப்பதே தெரிந்திருக்கவில்லை. படகோட்டி பெயர் எதையும் சொல்லவில்லை. நிற்பவை வெவ்வேறு என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. விமர்சனமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மதுரை திரும்பிய மறுநாள் சாமநத்தம் கண்மாய்க்குப் போனேன். வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். இருபது வருஷத்தில் ஒருநாளும் போனதில்லை. கரையோரம் தனியாக நின்ற ஒன்றை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே உடம்பின் பின்பாதியை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. தோளருகே அந்த வெள்ளை கொஞ்சம் மேலேறியிருந்தது.

என் பறவைக் கவிதைகள் மூன்றையும் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன்.